15 வயதில் திருட்டு, பொய், அடிதடி: மகன் கைவிட்டுப் போய்விட்டானா?

நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பார்க்க, உங்கள் கேள்வியை ஒரு முறை சுருக்கிச் சொல்கிறேன். மகனுக்கு 15 வயது. இரண்டு வருடமாக வீட்டில் பணம் காணாமல் போகிறது. பள்ளிக்கு மட்டம் போடுகிறான். கேட்டால் பொய், மேலே கேட்டால் கத்தல். இரண்டு முறை ராத்திரி வீட்டுக்கே வரவில்லை. போன மாதம் கூடப் படிக்கிற பையனை மூக்கில் ரத்தம் வரும்படி அடித்துவிட்டான். மனநல மருத்துவர் 'நடத்தைக் கோளாறு', அதாவது கான்டக்ட் டிஸார்டர் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். இது நோயா திமிரா, கண்டிப்பான விடுதியில் சேர்த்தால் திருந்துவானா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் நடுவில் 'இவன் இப்படியே போய்விடுவானோ', 'நாங்கள் எங்கே கோட்டை விட்டோம்' என்று இரண்டு வரி எழுதியிருக்கிறீர்கள். உங்களைத் தூங்க விடாமல் செய்வது அந்த இரண்டும்தான் என்று நினைக்கிறேன். அதனால் அவற்றை முதலில் எடுத்துக்கொண்டு, விடுதி விஷயத்துக்குப் பிறகு வருகிறேன்.

நான் குழந்தைகளுக்கும் வளரிளம் பருவத்தினருக்குமான உளவியலாளர். இப்படிப்பட்ட பிள்ளைகளோடும் அவர்கள் குடும்பங்களோடும்தான் பல வருடங்களாக என் வேலை. இருந்தாலும் உங்கள் மகனை நான் பார்த்ததில்லை. இங்கே எழுதுவது இந்தக் கோளாறைப் பற்றி. அவனைப் பற்றிய முடிவை அவனோடு உட்கார்ந்து பேசுகிறவர்தான் சொல்ல முடியும்.

அந்தப் பெயருக்கு என்ன அர்த்தம் என்பதிலிருந்து தொடங்குவோம். அமெரிக்க மனநல மருத்துவர்கள் சங்கம் 2013-இல் வெளியிட்ட டிஎஸ்எம்-5 கையேடு இதற்கு 15 நடத்தைகளைச் சொல்கிறது. மனிதர்களையோ விலங்குகளையோ துன்புறுத்துவது, பொருட்களை நாசம் செய்வது, ஏமாற்றுவதும் திருடுவதும், விதிகளைப் பெரிய அளவில் மீறுவது என்று அவை நான்கு வகை. கடந்த 12 மாதங்களில் இந்த 15-இல் குறைந்தது மூன்று இருக்க வேண்டும், அதில் குறைந்தது ஒன்று கடைசி ஆறு மாதத்துக்குள் நடந்திருக்க வேண்டும், அதனால் அவனுடைய படிப்போ உறவுகளோ உண்மையிலேயே கெட்டிருக்க வேண்டும். ஒரு தடவை திருடியதோ, ஒரு சண்டையோ, எதிர்த்துப் பேசுவதோ மட்டும் போதாது. மட்டம் போடுவதுகூட 13 வயதுக்கு முன்பே தொடங்கியிருந்தால்தான் கணக்கில் சேரும். ஆகவே எது எப்போது தொடங்கியது என்பதை மருத்துவரிடம் தெளிவாகச் சொல்லியிருக்கிறீர்களா என்று ஒரு முறை யோசித்துப் பாருங்கள். பள்ளி வயதுப் பிள்ளைகளில் நூற்றுக்கு இரண்டு முதல் நான்கு பேருக்கு இது இருப்பதாகப் பெரும்பாலான கணக்குகள் சொல்கின்றன. பையன்களிடம் அதிகம். பெண் பிள்ளைகளிடம் அடிதடியைவிடப் பொய், வீட்டை விட்டு ஓடுவது, ஒருத்தியைக் கூட்டாக ஒதுக்கிவைப்பது என்று வெளிப்படுவதால், பல சமயம் யார் கண்ணிலும் படாமலே போய்விடுகிறது.

இந்தப் பெயர் அவன் என்ன செய்கிறான் என்பதைச் சொல்கிறது. ஏன் செய்கிறான் என்பதைச் சொல்வதில்லை. 'ஏன் திருடுகிறான்?' 'நடத்தைக் கோளாறு இருப்பதால்.' 'கோளாறு இருப்பது எப்படித் தெரியும்?' 'திருடுகிறானே!' இப்படியே சுற்றிக்கொண்டிருந்தால் எங்கும் போய்ச் சேர மாட்டோம். நோயா திமிரா என்ற கேள்விக்கும் இதனால்தான் ஒற்றைப் பதில் இல்லை. அவன் செய்ததற்கு அவன் பொறுப்பேற்க வேண்டும், அடிபட்ட பையனுக்கு அவன் பதில் சொல்லியாக வேண்டும். அதே சமயம், 'நினைத்தால் நிறுத்தலாம், வேண்டுமென்றே செய்கிறான்' என்பதும் உண்மை இல்லை. ஆத்திரத்தை அடக்குவது, பின்விளைவை யோசிப்பது, எதிரில் நிற்பவரின் முகத்தைச் சரியாகப் படிப்பது போன்றவற்றில் இந்தப் பிள்ளைகளில் பலர் தங்கள் வயதுக்குப் பின்தங்கியிருப்பது சோதனைகளில் திரும்பத் திரும்பத் தெரிந்த விஷயம். ஒருவன் தெரியாமல் இடித்துவிட்டுப் போனால்கூட, வம்புக்குத்தான் இடித்தான் என்று சட்டென்று முடிவு கட்டிவிடுவார்கள். அந்த அரை நொடி முடிவிலிருந்துதான் கை ஓங்குகிறது.

சரி, இப்படியே போய்விடுவானா? இதில் நமக்கு ஓரளவு உறுதியாகத் தெரிந்ததைச் சொல்கிறேன். அமெரிக்க ஆய்வாளர் லீ ராபின்ஸ், சிறு வயதில் இப்படிச் சிகிச்சைக்கு வந்தவர்களைப் பெரியவர்களான பிறகு தேடிப்பிடித்து, 1966-இல் தன் முடிவுகளை வெளியிட்டார். சமூக விரோதப் போக்குள்ள பெரியவர்களில் கிட்டத்தட்ட எல்லோருமே சிறு வயதிலும் அப்படித்தான் இருந்திருக்கிறார்கள். ஆனால் சிறு வயதில் அப்படி இருந்தவர்களில் பெரும்பாலோர் வளர்ந்த பிறகு அப்படி ஆகவில்லை. உறவினர்களும் ஆசிரியர்களும் முதல் பாதியைத்தான் உங்களிடம் சொல்வார்கள். இரண்டாம் பாதியும் அதே ஆய்வில்தான் இருக்கிறது.

யார் தொடர்வார்கள், யார் விட்டுவிடுவார்கள் என்பதில் முக்கியமான தடயம், எந்த வயதில் தொடங்கியது என்பது. நியூசிலாந்தின் டனீடின் நகரில் 1972-73-இல் பிறந்த ஆயிரத்துச் சொச்சம் குழந்தைகளை இன்றுவரை தொடர்ந்து பார்த்துவருகிறார்கள். அதை அடிப்படையாக வைத்து உளவியலாளர் டெர்ரி மொஃபிட் 1993-இல் இரண்டு பாதைகளைப் பிரித்துக் காட்டினார். ஒரு சிறு கூட்டத்துக்கு இது மழலைப் பருவத்திலேயே தொடங்கிவிடுகிறது. மூன்று வயதில் அடக்க முடியாத ஆவேசம், ஏழு வயதில் பள்ளியில் அடிதடி, பன்னிரண்டில் திருட்டு என்று போகும். கூடவே கவனக்குறைவு, பேச்சிலோ படிப்பிலோ சிக்கல், நெருக்கடி நிறைந்த வீடு என்று ஏதாவது இருக்கும். இரண்டாவது கூட்டம் மிகப் பெரியது. பதின்வயது வரை ஓரளவு சாதாரணமாக இருந்துவிட்டு, பெரியவர்களின் சுதந்திரம் தங்களுக்கும் வேண்டும் என்ற வேகத்தில், சேர்க்கையோடு சேர்ந்து இறங்கியவர்கள். இவர்களில் பெரும்பாலோர் இருபதுகளில் தாமாகவே விலகிவிடுகிறார்கள். டிஎஸ்எம்-5 இந்தக் கோட்டை 10 வயதில் போடுகிறது. நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் உங்கள் மகனுக்கு 13 வாக்கில் தொடங்கியிருக்கிறது. 10 வயதுக்கு முன்பு பெரிதாக எதுவும் இல்லை என்றால், அது உண்மையிலேயே நல்ல செய்தி.

ஆனால் 'வயசுக் கோளாறு, தானாகச் சரியாகிவிடும்' என்று விட்டுவிடாதீர்கள். அதே டனீடின் ஆய்வில், பதின்வயதில் தொடங்கியவர்களை 26 வயதில் பார்த்தபோது, அவர்களிடமும் போதைப் பழக்கம், பணத் தொல்லை, மனநலச் சிக்கல் ஆகியவை சராசரியைவிட அதிகமாக இருந்தன. நடத்தை தானாக அடங்கினாலும் அதற்குள் விழுந்துவிட்ட சில முடிச்சுகள் அவிழ்வதில்லை. பாதியில் நின்ற படிப்பு, ஒரு போலீஸ் வழக்கு, பழகிப்போன போதை, வண்டி விபத்தில் போன ஒரு கால், இவைதான் அந்த முடிச்சுகள். உங்கள் முன்னால் இருக்கும் வேலையை நான் இப்படித்தான் பார்க்கிறேன்: அடுத்த ஐந்து வருடத்தில் இந்த முடிச்சுகளில் எதிலும் சிக்காமல் அவனை அந்தப் பக்கம் கொண்டுபோய்ச் சேர்ப்பது.

'செய்ததற்கு ஒரு துளி வருத்தம் இல்லை, சைக்கோவோ என்று பயமாக இருக்கிறது' என்றும் எழுதியிருந்தீர்கள். சமூக விரோத ஆளுமைக் கோளாறு என்று 18 வயதுக்கு முன் யாரும் முடிவு செய்யக் கூடாது, கையேட்டின் விதியே அப்படித்தான். குற்ற உணர்வு இல்லாதது, அடுத்தவர் வலி உறைக்காதது, உணர்ச்சிகள் மேலோட்டமாக இருப்பது, தன் படிப்பு பற்றிய கவலையே இல்லாதது ஆகிய நான்கில் குறைந்தது இரண்டு, ஒரு வருடம் முழுக்க, பல இடங்களில், பலரிடமும் தெரிந்தால் அதைத் தனியாகக் குறித்துவைப்போம். அப்படிப்பட்டவர்கள் ஒரு சிறு பகுதிதான். மாட்டிக்கொண்ட அன்று, அப்பா முன்னால், தாடையை இறுக்கிக்கொண்டு 'ஆமா, அடிச்சேன், இப்ப என்ன?' என்று நிற்கும் பையனின் முகத்தை வைத்து இதை முடிவு செய்யவே முடியாது. பதின்வயதில் அவமானம் பெரும்பாலும் அலட்சியத்தின் முகத்தைப் போட்டுக்கொண்டுதான் வெளியே வரும். உண்மையிலேயே அந்தக் குணங்கள் உள்ள பிள்ளைகளும் கைவிட வேண்டியவர்கள் இல்லை. அவர்களுக்குத் தண்டனை குறைவாகவும், வெகுமதியும் பெற்றோரின் நெருக்கமும் கூடுதலாகவும் வேலை செய்கின்றன என்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

அடுத்தது, வளர்ப்பின் குற்றமா என்பது. இரட்டையர்கள் மீதான ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தால், இந்த நடத்தையில் மனிதருக்கு மனிதர் உள்ள வேறுபாட்டில் ஏறக்குறையப் பாதிக்கு மரபணுக்கள் காரணம். அதற்காக 'திருட்டு மரபணு' என்று ஒன்று கிடையாது. எம்ஏஓஏ என்ற ஒரு மரபணுவும் சிறு வயதுக் கொடுமையும் சேர்ந்தால் ஆபத்து கூடுகிறது என்று 2002-இல் ஒரு பிரபலமான ஆய்வு வந்தது. பின்னால் வந்தவற்றில் சில அதை ஆதரித்தன, சில ஆதரிக்கவில்லை. மரபணுப் பரிசோதனை செய்து இதைக் கண்டுபிடிக்கலாம் என்று யாராவது சொன்னால் பணத்தைக் கொடுக்காதீர்கள். கர்ப்ப காலப் புகைபிடித்தல் மீது ஒரு காலத்தில் உறுதியாகப் பழி போட்டோம். குடும்பப் பின்னணியையும் சேர்த்துக் கணக்கிட்டபோது அந்த உறுதி மிகவும் தளர்ந்துவிட்டது. கடுமையான, ஆனால் ஒரே சீராக இல்லாத தண்டனை, பிள்ளை எங்கே யாரோடு இருக்கிறான் என்று தெரியாமல் இருப்பது, வீட்டில் வன்முறை, பெற்றோரின் குடியோ மனச்சோர்வோ, தவறான சேர்க்கை, இவற்றுக்கெல்லாம் பங்கு உண்டு என்பதில் சந்தேகம் இல்லை. ஆனால் அம்பு இரண்டு பக்கமும் பாய்கிறது. அடங்காத பிள்ளை பெற்றோரையும் மாற்றிவிடுகிறது.

இதை மிக நெருக்கமாகப் பார்த்தவர் அமெரிக்காவில் ஆரெகனைச் சேர்ந்த ஜெரால்ட் பேட்டர்சன். குடும்பங்களின் வீட்டுக்கே ஆட்களை அனுப்பி, யார் என்ன சொன்னார், அடுத்த நொடி என்ன நடந்தது என்று குறித்துவரச் சொன்னார். அவர் கண்டது எனக்கு வாரா வாரம் கண்ணில் படுகிறது. அம்மா, 'போனை வைத்துவிட்டுப் படி' என்கிறார். பையன் காதில் வாங்கவில்லை. அம்மா குரலை உயர்த்துகிறார். அவன் அதைவிட உயர்த்துகிறான். அம்மா மிரட்டுகிறார். அவன் நாற்காலியை எட்டி உதைக்கிறான். அம்மா களைத்துப்போய், 'எக்கேடோ கெட்டுப் போ' என்று அறையை விட்டுப் போகிறார். வீடு அமைதியாகிறது. இதில் இரண்டு பேரும் ஒரு பாடம் படித்தார்கள். நாற்காலியை உதைத்தால் தொல்லை நிற்கும் என்று அவன். விட்டுக்கொடுத்தால் சத்தம் நிற்கும் என்று அம்மா. இன்னொரு நாள் அப்பா வந்து பெல்ட்டை எடுக்கிறார், பையன் அடங்குகிறான். பெல்ட்தான் வேலை செய்கிறது என்று அப்பா படித்துக்கொள்கிறார். பலம் உள்ளவன் ஜெயிப்பான் என்று பையன் படித்துக்கொள்கிறான், தனக்குப் பலம் வரும் நாளுக்காகக் காத்திருக்கிறான். யாரும் கெட்டவர்கள் இல்லை. ஆனால் பல வருடங்கள், ஒரு நாளைக்குப் பல தடவை இதுவே நடந்தால், வீடு பயிற்சிக்கூடம் ஆகிவிடும். குற்றம் யாருடையது என்று தேடுவதில் எனக்கு அக்கறை இல்லை. இந்தச் சுழற்சியை முதலில் நிறுத்த முடிந்தவர் பெரியவர்தான், அதனால்தான் உங்களிடம் பேசுகிறேன்.

வீட்டுக்குள் வருவதற்கு முன் ஒன்றைச் சரிபார்க்க வேண்டும். இந்த நடத்தைக்குப் பின்னால் வேறு ஏதாவது ஒளிந்திருக்கிறதா? ஏடிஹெச்டி, அதாவது கவனக்குறைவும் மிகைத் துடிப்பும் சேர்ந்த கோளாறு, மிக அடிக்கடி கூடவே வரும். மனச்சோர்வு, பதின்வயதுப் பையனிடம் அழுகையாக வருவதைவிட எரிச்சலாகவும் சண்டையாகவும் வரலாம். யாராவது அவனைத் தொடர்ந்து கேலி செய்கிறார்களா, மிரட்டிப் பணம் வாங்குகிறார்களா, பாலியல் துன்புறுத்தல் நடந்திருக்கிறதா, போதை இருக்கிறதா என்று கேட்க வேண்டும். காணாமல் போகும் பணத்துக்கு இதில் ஒன்று விடையாக இருக்கக்கூடும். வகுப்பை விட்டு ஓடுகிறான், ஆசிரியரை அடிக்கப் போகிறான் என்று ஒரு பையனை என்னிடம் அழைத்துவந்தார்கள். ஓடிய நாட்களையும் பாடவேளைகளையும் வரிசையாக எழுதிப் பார்த்தால், எல்லாமே சத்தமாக வாசிக்கச் சொல்லும் வகுப்புகள். ஒரு பத்தியை எடுத்து முன்னால் வைத்தேன். முதல் வரியில் விரலை வைத்து எழுத்தெழுத்தாகக் கூட்டினான், இரண்டாவது வரியில் வியர்த்தது, மூன்றாவது வரியில் புத்தகத்தை மேசையிலிருந்து தள்ளிவிட்டான். எட்டு வயதுப் பிள்ளை வாசிக்கும் அளவுக்குத்தான் அவனுக்கு வாசிக்க வந்தது. நாற்பது பேர் முன்னால் முட்டாளாகத் தெரிவதைவிட முரடனாகத் தெரிவது அவனுக்குத் தேவலாம் என்று இருந்திருக்கிறது. எல்லாப் பையன்களுக்கும் இப்படி ஒரு சாவி கிடைக்கும் என்று சொல்லவில்லை. தேடாமல் விடக் கூடாது என்று சொல்கிறேன்.

இப்போது விடுதிக்கு வருகிறேன். இதில் மட்டும் என் பதில் தயக்கமில்லாதது: வேண்டாம். பயமுறுத்தித் திருத்துவது என்ற யோசனையை மனிதர்கள் முறைப்படி சோதித்தே பார்த்துவிட்டார்கள். 1970-களில் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில், தடம் மாறும் பையன்களைச் சிறைக்குள் அழைத்துப்போய் ஆயுள் கைதிகளைக் கொண்டு மிரட்ட வைக்கும் திட்டம் ஒன்று பிரபலமாகி, பல ஊர்களுக்குப் பரவியது. இத்தகைய திட்டங்களைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்த குழுக்களோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது, சிறைக்குப் போய்வந்த பையன்கள் எதுவுமே செய்யாமல் விடப்பட்டவர்களைவிட அதிகமாகக் குற்றம் செய்திருந்தார்கள். இன்னொன்று இதைவிடப் பழையது. 1939-இல் மாசசூசெட்ஸில் தொடங்கிய ஒரு திட்டத்தில், 500-க்கும் மேற்பட்ட பையன்களை இரண்டிரண்டாக ஜோடி சேர்த்து, ஒருவனுக்கு மட்டும் பல வருடம் ஆலோசனை, டியூஷன், கோடை முகாம் என்று உதவினார்கள். சுமார் 30 வருடம் கழித்து குற்றவியல் ஆய்வாளர் ஜோன் மெக்கார்ட் அவர்களைத் தேடிப் பார்த்தபோது, உதவி பெற்றவர்கள் எதிலும் மேலாக இல்லை, சிலவற்றில் மோசமாகவே இருந்தார்கள். முகாமுக்குத் திரும்பத் திரும்ப அனுப்பப்பட்டவர்களுக்குத்தான் நிலைமை அதிகம் கெட்டிருந்தது என்று பின்னால் தெரியவந்தது. தாமஸ் டிஷன் என்ற ஆய்வாளர் ஒரு காரணத்தைக் காட்டினார். இப்படிப்பட்ட பையன்களை ஒன்றாக உட்கார வைத்தால், ஒருவன் செய்த சாகசத்தைச் சொல்ல, மற்றவர்கள் சிரிக்க, அந்தச் சிரிப்பே பரிசாகிவிடுகிறது. 'திருத்தும்' விடுதியில் அவனுக்குக் கிடைக்கப்போகும் நண்பர்கள் யார் என்று நினைத்துப் பாருங்கள். அடியைப் பற்றித் தனியாக எழுத வேண்டியதில்லை, மேலே அப்பாவின் பெல்ட்டைப் பற்றிச் சொன்னதே போதும்.

பலன் தருவதாகத் தெரிந்தவை பெரும்பாலும் குடும்பத்தை மையமாக வைத்தவை. சிறு பிள்ளைகளுக்குப் பெற்றோர் பயிற்சிதான் முதல் சிகிச்சை, இதற்கு ஆதாரம் வலுவானது. 15 வயதில், குடும்பம், பள்ளி, நண்பர்கள் என்று எல்லா இடத்திலும் சேர்ந்து வேலை செய்யும் முறைகள் இருக்கின்றன. குடும்பத்தோடு சேர்ந்து செய்யும் சிகிச்சையை யாராவது தந்தால் விடாதீர்கள். இவற்றில் மல்ட்டிசிஸ்டமிக் தெரபி என்பதற்கு அமெரிக்க ஆய்வுகளில் நல்ல பலன் கிடைத்தது. ஆனால் இங்கிலாந்தில் 2018-இல் வெளியான பெரிய ஆய்வில், அங்கே வழக்கமாகத் தரப்படும் உதவியைவிட அது மேலானதாகத் தெரியவில்லை. ஆக, பெயரை வைத்து மயங்க வேண்டாம். பையனை மட்டும் தனியாக வாரம் ஒரு மணி நேரம் கவுன்சலிங்குக்கு அனுப்பிவிட்டு வீட்டில் எதுவும் மாறாமல் இருந்தால் பெரிதாக எதிர்பார்க்க முடியாது. நடத்தைக் கோளாறுக்கென்று மாத்திரை கிடையாது. ஏடிஹெச்டியோ மனச்சோர்வோ இருந்தால் அதற்கு மருந்து உண்டு, அதைக் கவனித்தால் நடத்தையும் ஓரளவு இறங்கும். வெடித்துக் கிளம்பும் ஆவேசத்துக்கு ரிஸ்பெரிடோன் போன்ற மருந்தைச் சில சமயம் குறுகிய காலத்துக்குக் கொடுப்பார்கள். எடை ஏறும், ரத்தப் பரிசோதனை தேவைப்படும், நீண்ட நாள் ஓட்டுகிற மருந்து அல்ல.

வீட்டில் என்ன செய்வது? விதிகளைக் குறையுங்கள். யாரையும் அடிக்கக் கூடாது, எங்கே இருக்கிறான் என்று தெரிய வேண்டும், ராத்திரி இத்தனை மணிக்குள் வீடு. தலைமுடி, அறைக் குப்பை, பேசுகிற தொனி எல்லாவற்றையும் இப்போதைக்கு விட்டுவிடுங்கள். விதியை மீறினால் விளைவு சின்னதாக, அன்றே, ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி இருக்கட்டும். மூன்று மாதத்துக்குப் போன் கிடையாது என்பது மூன்றாம் நாள் உங்களாலேயே காப்பாற்ற முடியாத சத்தியம். இன்று மாலை கிடையாது, நாளை மறுபடி தொடங்கலாம் என்பது நடக்கும். எடுத்த பணத்தை வேலை செய்து திருப்பிக் கொடுக்கட்டும், பணத்தைப் பூட்டியும் வையுங்கள். அவன் கொதித்துக்கொண்டிருக்கும்போது வாதம் செய்யாதீர்கள். சொல்ல வேண்டியதை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள், அமைதியான பிறகு பேசலாம். கணவனும் மனைவியும் அவன் முன்னால் ஆளுக்கொன்று சொல்லாதீர்கள். அப்புறம், குற்றத்தோடு சம்பந்தமே இல்லாத கொஞ்ச நேரம் அவனோடு வேண்டும். சேர்ந்து சாப்பிடுவதோ, வண்டியில் எங்கேயாவது போய்வருவதோ போதும், அந்த நேரத்தில் புத்திமதி கூடாது. சொன்ன நேரத்துக்கு வந்தால், 'சொன்ன நேரத்துக்கு வந்துட்டே' என்று மட்டும் சொல்லுங்கள். 'இதை முன்னாடியே செய்திருந்தால்' என்ற வாலை ஒட்டிவிடாதீர்கள், அது சொன்ன நல்லதையும் அழித்துவிடும்.

நீங்கள் விட்டுக்கொடுப்பதை நிறுத்தியதும் முதல் சில வாரங்கள் அவன் இன்னும் மோசமாகக்கூடும். இதுவரை வேலை செய்த ஆயுதத்தை இன்னும் ஓங்கிப் பார்க்கலாம். பெரும்பாலான பெற்றோர் 'இது பலிக்கவில்லை' என்று கைவிடுவது அந்த இடத்தில்தான். முன்கூட்டியே தெரிந்தால் தாங்கிக்கொள்ளலாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

சில விஷயங்களில் மட்டும் காத்திருக்கக் கூடாது. கத்தி போன்ற ஆயுதம் வைத்திருப்பது, தீ வைப்பது, விலங்குகளை வதைப்பது, தம்பி தங்கையிடமோ வேறு யாரிடமோ பாலியல் அத்துமீறல், உங்களில் யாரையாவது தாக்குவது, இவற்றில் எது நடந்தாலும் அன்றே மருத்துவரைக் கூப்பிடுங்கள். சாவதைப் பற்றிப் பேசினால், மிரட்டலுக்குச் சொல்கிறான் என்று தள்ளிவிடாதீர்கள். முன்பின் யோசிக்காமல் செய்துவிடும் குணமும் மனச்சோர்வும் சேர்ந்திருப்பதால், இந்தப் பிள்ளைகளிடம் தற்கொலை அபாயம் மற்றவர்களைவிட அதிகம். வீட்டில் மற்ற பிள்ளைகள் இருந்தால் அவர்களின் பாதுகாப்பு முதலில், இவனுடைய சிகிச்சை பிறகு.

மருத்துவரிடம் அடுத்த முறை போகும்போது, முதல் சம்பவம் எந்த வயதில் என்பதிலிருந்து ஒரு பக்கத்தில் எழுதி எடுத்துப் போங்கள். ஏடிஹெச்டி, வாசிப்புத் திறன், மனச்சோர்வு, போதை ஆகிய நான்கையும் பார்த்தாயிற்றா என்று கேளுங்கள். 'அவன் எங்கேயும் வர மாட்டேன் என்கிறான்' என்று கடைசியில் எழுதியிருந்தீர்கள். வராவிட்டால் நீங்கள் இரண்டு பேரும் மட்டும் போங்கள். இந்த வேலையின் முதல் பாதி பெற்றோரோடுதான், அதற்கு அவன் அந்த அறையில் இருக்க வேண்டிய அவசியம் இல்லை.